‘யாரு பேசுறது?’ என்னும் வினாவின் இலக்கணம்

பெயரை நம்பி ஒரு பொருளை ஏற்றுக்கொள்ளலாமா என்ற ஆராய்ச்சிக்கு மல்லாங்கிணற்றைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஊரின் பெயரிலேயே கிணறு இருக்கிறது. திருச்சுழிப் பக்கம் போனால் குண்டாறு. அதன் பெயரிலேயே ஆறு இருக்கிறது. இரண்டு பெயரையும் படித்துவிட்டுச் சித்திரை மாதத்தில் குடத்தோடு வருகிற வெளியூர்க்காரர், காலிக் குடத்தோடும் நிறைந்த அறிவோடும் திரும்பிப் போவார். கரிசல்காட்டில் பிறந்தவர்களுக்கு இந்த அறிவு குடமில்லாமலே சிறு வயதில் கிடைத்துவிடுகிறது. பெயர் ஓர் அறிவிப்பு; உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கயிறு விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இதே விசாரணையைத் தொலைபேசிக்கும் நீட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். திரையில் ஓர் எண் தெரிகிறது. அந்த எண்ணுக்கு உரியவர்தான் பேசுகிறாரா? வத்தல் மூட்டையை எடை போட்டுக்கொண்டே, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு வியாபாரி இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவில் பெரிய படிப்புப் படித்தவர்கள் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். டெல்லியில் இன்னொரு விடை கண்டிருக்கிறார்கள். எங்கள் சித்தப்பாவும் ஒன்று கண்டிருக்கிறார். மூன்று தரப்பையும் ஒரே தராசில் வைப்பதுதான் நடுநிலை.

வினாவியல்

மணி அடித்துப் போனை எடுத்ததும் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்பது ‘யாரு பேசுறது?’. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பிரித்தார். அவர் 13-ஆம் நூற்றாண்டுக்காரர். தொலைபேசியைக் கண்டவர் அல்லர். ஆனாலும் மோசடி அழைப்பு ஒன்றைப் பொறுமையாகக் கடைசிவரை கேட்டுப் பார்த்தால் ஆறும் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம்.

‘சார், நீங்க மல்லாங்கிணறு கஸ்டமர்தானே?’ தெரிந்துகொண்டே கேட்பதால் இது அறிவினா. ‘கார்டு உங்க பேர்ல இருக்கா, மேடம் பேர்ல இருக்கா?’ ஐயவினா. ‘கடைசியா எவ்வளவு எடுத்தீங்க?’ உண்மையிலேயே தெரியாமல் கேட்பது, அறியாவினா. ‘லிமிட்டை ரெண்டு லட்சமா ஏத்தித் தரவா சார்?’ கொடைவினா. ‘ஓ.டி.பி. வந்திருச்சா சார்?’ கொளல்வினா. ‘இன்னும் சொல்லலையா?’ ஏவல்வினா. பரீட்சைக்கு ஆறு உதாரணம் தேடித் திண்டாடும் பிள்ளைகளுக்கு இந்த ஒரே அழைப்பு போதும். ஆறு மதிப்பெண் நிச்சயம்.

விடை எட்டு வகை. அவற்றுள் ‘நேர்’ எனப்படும் ஆமாம்போடுவது செலவு பிடித்தது. ‘மறை’ எனப்படும் மறுப்பு பத்திரமானது; ஆனால் பேச்சை வளர்க்கும். ‘உற்றது உரைத்தல்’ என்பதில் எங்கள் பாட்டி தேர்ந்தவர். ‘பணம் கட்டிட்டீங்களா பாட்டி?’ என்று கேட்டால், ‘முழங்கால் ஊசி குத்துற மாதிரி குத்துதுய்யா’ என்று தொடங்குவார். அழைத்தவரே போனை வைத்துவிடுவார். எங்கள் பாட்டியிடமிருந்து இதுவரை யாரும் ஒரு பைசாவும் ஏமாற்றி வாங்கியதில்லை.

ஆயினும் ஊர்ப் பொதுவழக்கு ‘வினா எதிர் வினாதல்’தான்.

‘யாரு பேசுறது?’

‘நீங்க யாரு பேசுறது?’

‘போட்டது நீங்க. நீங்கதான் சொல்லணும்.’

‘எடுத்தது யாருன்னு தெரிஞ்சாத்தானங்க சொல்ல முடியும்.’

இப்படி ஒரு நிமிடம்வரை போகும். பட்டணத்துக்காரர்கள் இதை வெட்டிப்பேச்சு என்பார்கள். கணினிப் பாதுகாப்புப் புத்தகங்களில் இதற்கு மரியாதையான பெயர் உண்டு: இருதரப்பு அடையாள உறுதி. இரு பக்கமும் தன்னை நிரூபிக்கும்வரை எந்தச் செய்தியும் கைமாறக் கூடாது என்பது அதன் விதி. வங்கிக் கணினிகள் இரண்டு ஒன்றோடொன்று பேசத் தொடங்குமுன் செய்துகொள்வதும் இதேதான். அவை கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிடுகின்றன.

களவியல்

தொல்காப்பியர் சொல்லும் களவு வேறு. இது பணம் போன கதை.

சித்தப்பாவின் கடை பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம். (கூப்பிடு தூரத்துக்குள் அடையாளச் சிக்கல் எழுவதில்லை, கூப்பிடுகிறவர் முகம் தெரியும். அதைத் தாண்டியதும்தான் மனித குலத்துக்கு இந்தத் தொல்லை.) வத்தல், மல்லி, உளுந்து, துவரை. சுற்றுப்பட்டிச் சம்சாரிகளிடம் வாங்கி விருதுநகருக்கு அனுப்புவார். அங்கிருந்து உடைத்த பருப்பை வாங்கி வந்து சில்லறைக்கு விற்பார்.

2022 ஐப்பசியில் ஒரு நாள், பகல் மூன்று மணி. சித்தப்பா சாப்பிட்டுவிட்டுச் சாக்கு அடுக்கில் சாய்ந்திருந்தார். மல்லி மூட்டையின் வாசனைக்கு மனிதனை உறங்க வைக்கும் குணம் உண்டு. போன் அடித்தது. திரையில் ‘விருதுநகர் மில் அண்ணாச்சி’ என்று வந்தது. சித்தப்பா மகன் பொறியியல் படித்தவன், அவன் எடுத்தான். குரலில் அவசரம். பழைய வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது, பருப்புக்கான அட்வான்ஸை இந்தப் புதுக் கணக்கில் போடவும், லோடு மாலையே கிளம்பிவிடும். தம்பி போட்டான். 18,000 ரூபாய். மாலை ஆறு மணிக்கு அதே பெயர் மறுபடி திரையில் வந்தது. ‘ஏப்பா, அட்வான்ஸ் இன்னும் காணோம்?’ என்றார் அசல் அண்ணாச்சி.

1930-க்கு அடித்துப் புகார் பதிந்தார்கள். அதற்குள் அந்தக் கணக்கு எங்கள் கண்மாய்போல வற்றியிருந்தது.

அன்று இரவு நடந்த விசாரணையில் தம்பியின் வாதம் ஒரே வரிதான்: ‘பேரு வந்துச்சுப்பா. ஸ்கிரீன்ல பேரு வந்துச்சு.’ இதை ஆராய வேண்டும். பெயர் வந்தது உண்மை. வந்தது விருதுநகரிலிருந்து இல்லை, சித்தப்பாவின் சட்டைப்பையிலிருந்து. தொலைபேசி நிறுவனம் கொண்டுவந்து கொடுத்தது வெறும் இலக்கங்கள். போன் அந்த இலக்கங்களைத் தன்னுள் இருந்த பட்டியலில் தேடி, சித்தப்பா என்றோ தன் கைப்பட எழுதிவைத்த பெயரை எடுத்து நீட்டியது. ஏமாற்றியவன் பொய் சொன்னது பத்தே இலக்கம். மிச்சப் பொய்யை நம் போன், நம் எழுத்தில், நமக்கே சொன்னது. சுவீடன்காரர்கள் 2009-இல் தொடங்கிய ட்ரூகாலரை வைத்திருந்தாலும் இதே கதைதான். அதுவும் எண்ணைப் பார்த்துப் பெயரைத் தேடுவது. எண்ணே திருட்டு என்றால் திருடனுக்கு உரியவரின் பெயரைச் சூட்டி மகிழும். அதில் ஒருமுறை சித்தப்பாவின் எண்ணைத் தேடிப் பார்த்தோம். ‘வத்தல் பாக்கி’ என்று வந்தது. யார் சேமித்து வைத்த பெயர் என்று இரண்டு நாள் விசாரித்தார்.

பிறர் எண்ணை எடுத்து மாட்டிக்கொள்வது எப்படிச் சாத்தியமாகிறது? தபால் உறையில் இடது பக்கம் ‘அனுப்புநர்’ என்று எழுதுகிறோம். எந்தத் தபால்காரராவது அதைச் சரிபார்த்ததுண்டா? பெறுநர் முகவரி பிழையென்றால் கடிதம் போய்ச் சேராது. அனுப்புநர் முகவரி பிழையென்றால் ஒன்றும் ஆகாது. தொலைபேசியும் அப்படித்தான் கட்டப்பட்டது. அழைப்பைக் கொண்டுசேர்க்கத் தேவையான எண் ஒன்றுதான். அழைப்பவர் எண் என்பது கூடவே ஒட்டி அனுப்பும் சீட்டு. நிறுவனங்கள் தங்களுக்குள் கட்டணக் கணக்குப் பார்ப்பது பெரும்பாலும் எந்தத் தடத்தில் அழைப்பு வந்தது என்பதை வைத்து. ஆகவே சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் வாங்கிக்கொண்டார்கள். தொலைபேசி நிறுவனங்கள் நாட்டுக்கு ஒன்றிரண்டாக இருந்தவரை இதில் கெடுதல் இல்லை, ஒருவரையொருவர் தெரியும். இணையவழித் தொலைபேசி வந்த பிறகு, கணினி வைத்திருப்பவன் எல்லாம் சீட்டு எழுதத் தொடங்கினான்.

சீட்டில் வேறு எண் எழுதுவதெல்லாம் குற்றமும் ஆகாது. இருநூறு இணைப்புள்ள ஆஸ்பத்திரியில் எந்த அறையிலிருந்து பேசினாலும் வரவேற்பறை எண்ணைத்தான் காட்டுவார்கள். இந்த நுட்பமான வேறுபாட்டை அமெரிக்கர்கள் சட்டத்திலேயே எழுதினார்கள். அவர்களுடைய 2009-ஆம் ஆண்டின் ‘அழைப்பவர் அடையாள உண்மைச் சட்டம்’, ஏமாற்றவோ தீங்கு செய்யவோ முறைகேடாக ஆதாயம் அடையவோ எண்ணி எண்ணை மாற்றிக் காட்டினால்தான் குற்றம் என்கிறது. அதாவது உள்நோக்கம் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு முன்வழக்கைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் ‘மாமன் ஆக வந்து வழக்குரைத்த படலம்’ என்று ஒன்று உண்டு. தனபதி என்ற மதுரை வணிகர் தம் சொத்தையெல்லாம் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டுத் தவம் செய்யப் போய்விடுகிறார். தாயாதிகள் அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். தாய் கோயிலில் அழ, சொக்கநாதரே தனபதியின் உருவில் சபைக்கு வந்து வழக்காடுகிறார். ‘இவர் தனபதி இல்லை’ என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கிறது. வந்தவர் குடும்பத்தார் ஒவ்வொருவரின் பெயரையும் குணத்தையும் அடையாளத்தையும் அடுக்கிச் சொல்லித் தம்மை நிரூபித்து வழக்கை வெல்கிறார். பொருள் உரியவனுக்குத் திரும்புகிறது. ஆதாயம் எதுவும் அவருக்கு இல்லை. எனவே அமெரிக்கச் சட்டப்படி இறைவன் நிரபராதி. ஆனால் சபையோரை இங்கே எச்சரிக்க வேண்டும். குடும்ப விவரம் எல்லாம் சரியாகச் சொல்கிறவர் உரிய ஆள்தான் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். வந்தவர் உரிய ஆள் இல்லை. பிறந்த தேதியும் தாயாரின் பெயரும் கேட்டுவிட்டு ‘நன்றி சார், உறுதிசெய்துகொண்டோம்’ என்று சொல்கிற வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகள் இன்றும் அந்தச் சபையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அடையாளத்தை மாற்றுவது வேறு, மறைப்பது வேறு. இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. திருச்சுழியில் 1879 டிசம்பரில் பிறந்த வேங்கடராமன், 1896 ஆகஸ்டில், பதினாறு வயதில், மதுரை வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டபோது ஒரு சீட்டு எழுதிவைத்தார். ‘நான்’ என்று தொடங்கிய அந்தக் கடிதம் சில வரிகளிலேயே ‘இது’ என்று மாறிவிடும். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அண்ணன் கல்லூரிக்குக் கட்டச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயையும் அந்தச் சீட்டோடு வைத்து, சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று விவரமும் எழுதியிருந்தார். அனுப்புநர் பெயர் இல்லை. கணக்கு மட்டும் பைசா பிசகவில்லை. என் சித்தப்பா ஆன்மிக நாட்டம் உள்ளவர் அல்லர். ஆனால் இந்தக் கடிதத்தின்மீது அவருக்குப் பெரிய மரியாதை. ‘பேரு போடாம கணக்கு ஒப்பிச்ச ஆளு’ என்பார். பிற்பாடு ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவர், ‘யார் பேசுறது?’ என்று எதிரில் இருப்பவரைக் கேட்பதைவிட்டு ‘நான் யார்?’ என்று திருப்பிக் கேட்கச் சொன்னதும், அப்போது பேசாமல் எழுதிக் காட்டியே பதில் சொல்லிவந்ததும் தெரிந்த செய்தி. தொலைபேசித் துறைக்கு அந்த வழி ஒத்துவராது.

கற்பியல்

இங்கே கற்பு என்பது எண்ணின் கற்பு. புறப்பட்ட இடத்தில் என்னவாக இருந்ததோ, சேருமிடத்திலும் அதுவாகவே இருப்பது.

சரிபார்ப்பில் கோட்டைவிட்ட பழைய வழக்கு மதுரையில் நடந்தது, எல்லாருக்கும் தெரியும். கோவலன் கையில் இருந்த சிலம்பு பார்வைக்கு அரசியின் சிலம்புபோலவே இருந்தது. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், உயிர் போனது. உடைத்துப் பார்த்தபோது அரசியுடையதில் முத்து, இதில் மாணிக்கம். சோதனை முறையில் தவறில்லை. சோதித்த நேரம்தான் தவறு. மணி அடிக்கும்போதே பார்க்க வேண்டியதை, பணம் போன பிறகு பார்ப்பது பாண்டிய நெடுஞ்செழியன் வழி.

சரியாக நடந்த வழக்கும் மதுரையோடு சம்பந்தப்பட்டதே. பாணபத்திரருக்குப் பொருள் கொடுக்கச் சொல்லிச் சேரமான் பெருமாளுக்குச் சொக்கநாதர் ஒரு திருமுகம் எழுதிக் கொடுத்தார். முன்பின் தெரியாத ஓர் ஆள் ஓலையோடு வந்து ‘பொருள் கொடுங்கள், கடவுள் சொன்னார்’ என்றால் எந்த அரசன் கொடுப்பான்? ஆகவே இறைவன் அரசனின் கனவிலும் தோன்றி, நம் ஓலையோடு ஒருவர் வந்திருக்கிறார் என்று தெரிவித்தார் என்கிறது புராணம். ஓலை ஒரு வழியில், உறுதி இன்னொரு வழியில். இரண்டு வழியும் ஒரே ஆளிடமிருந்து என்று தெரிந்த பிறகே கருவூலம் திறந்தது. இதைவிடச் சுருக்கமாக இரண்டடுக்குச் சரிபார்ப்பை யாரும் விளக்கியதில்லை.

அமெரிக்கர்கள் கனவை நம்பாமல் கணிதத்தை நம்பினார்கள். ‘ஸ்டிர்–ஷேக்கன்’ என்பது அவர்கள் முறையின் பெயர். ஜேம்ஸ் பாண்ட் தன் மதுவைக் கலக்கக் கூடாது, குலுக்க வேண்டும் என்று கேட்பாரே, அதை மனதில் வைத்துப் பொறியாளர்கள் இட்ட பெயர். 2019 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி, 2021 ஜூன் 30-க்குள் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் இணையவழித் தடங்களில் இதைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அழைப்பு எங்கே புறப்படுகிறதோ, அந்த நிறுவனம் அரக்கு முத்திரை வைப்பதுபோல ஒரு மின்கையெழுத்தை அதனோடு சேர்த்து அனுப்பும். யார் எண், யாருக்கு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் அடக்கம். சேரும் இடத்து நிறுவனம் முத்திரை உடையவில்லை, உரியவருடையதுதான் என்று பார்த்துக்கொண்டு மணியடிக்கும். நேற்றைய முத்திரையைப் பெயர்த்து இன்றைய அழைப்பில் ஒட்ட முடியாது.

முத்திரையில் மூன்று தரம். ‘ஏ’ என்றால், இந்த வாடிக்கையாளரை எனக்குத் தெரியும், இந்த எண்ணைப் பயன்படுத்த அவருக்கு உரிமையும் உண்டு. ‘பி’ என்றால், ஆளைத் தெரியும், எண்ணுக்கு நான் பொறுப்பில்லை. ‘சி’ என்றால், என் வாசல் வழியாக உள்ளே வந்தது, அதற்குமேல் என்னைக் கேட்காதே. கேட்டவுடன் எங்கோ கேட்டதுபோல இருக்கிறதல்லவா? அருப்புக்கோட்டைப் பக்கம் மாப்பிள்ளை விசாரிக்கப் போனால் கிடைக்கும் பதில்கள் இவை. ‘நம்ம பையன், நான் சொல்றேன், குடுங்க.’ ‘அப்பாவைத் தெரியும், பையனைப் பத்தி விசாரிச்சுக்கங்க.’ ‘இந்தத் தெரு வழியாத்தான் வண்டில போவான்.’ மூன்றாவது பதிலைக் கேட்டுவிட்டு நிச்சயம் செய்தவர்கள் உண்டா? அமெரிக்காவிலும் ‘சி’ அழைப்பை அப்படித்தான் பார்க்கச் சொல்கிறார்கள்.

வியாபாரத்துக்கு இதனால் என்ன லாபம்? இரண்டு பக்கம் உண்டு. ஒன்று, கடைக்கு வருகிற அழைப்பு. வாடிக்கையாளரின் எண்ணைப் போட்டுக்கொண்டு கள்ளன் அழைத்தால், முத்திரை இல்லாததையோ கீழ்த்தரமாக இருப்பதையோ சேவை மையத்துக் கணினி பேச்சு தொடங்குமுன்பே கவனித்து, அந்த அழைப்பைக் கூடுதல் கேள்வி கேட்பவரிடம் தள்ளிவிடலாம். நல்ல முத்திரையோடு வருகிறவரிடம் தாயார் பெயர், நாய்க்குட்டி பெயர் எல்லாம் கேட்டு உயிரை வாங்க வேண்டியதில்லை. மற்றது, கடையின் எண்ணைத் திருடி ஊரையெல்லாம் ஏமாற்றுவது. விருதுநகர் அண்ணாச்சிக்கு நடந்தது இதுதான். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் மூன்று மாதம் எங்கள் தெருவில் அவர் பெயரைச் சொன்னாலே ஒரு கனைப்புக் கேட்டது. 18,000 ரூபாய் சித்தப்பாவுக்கு நஷ்டம். கனைப்பு முழுதும் அண்ணாச்சிக்கு.

டெல்லிக்காரர்கள் வேறு கோணத்தில் யோசித்தார்கள். முத்திரையெல்லாம் பிறகு, முதலில் ஊர் எல்லையில் ஆள் போடு. வெளிநாட்டிலிருந்து வரும் ஓர் அழைப்பு இந்திய எண்ணைக் காட்டினால், அந்த எண்ணுக்காரர் உண்மையில் வெளிநாட்டுக்குப் போயிருக்கிறாரா என்று கேள். சிம் விருதுநகரில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்க, அழைப்பு மட்டும் கடல் கடந்து வருமா? வராது. வெட்டு. 2024 அக்டோபர் 22 அன்று அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தார். முதல் 24 மணி நேரத்தில் 1.35 கோடி அழைப்புகள் போலி என்று அறியப்பட்டுத் தடுக்கப்பட்டன. இந்திய எண்ணோடு வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் இது 90 சதவீதம் என்று அரசு அறிவித்தது. நூறு பேர் ‘நான் உங்க ஊர்க்காரன்’ என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள், விசாரித்தால் தொண்ணூறு பேர் இல்லை. திருவிழாக் கூட்டத்தில்கூட இப்படி ஒரு விகிதம் கேள்விப்பட்டதில்லை.

எல்லையில் ஆள் போட்டதும் கள்ளர் உள்ளூரில் வீடு பிடித்தார்கள். நூற்றுக்கணக்கான சிம் கார்டுகளைச் செருகிய ‘சிம் பாக்ஸ்’ என்ற பெட்டி. வெளிநாட்டு அழைப்பு இணையம் வழியாக அதற்குள் நுழைந்து உள்ளூர் அழைப்பாக வெளியே வரும். இப்போது எண்ணில் பொய் இல்லை. அந்த எண் அந்த சிம்முடையதேதான். எந்த முத்திரையும் அதற்கு ‘ஏ’ தரம் கொடுத்துவிடும். எண் உத்தமம், ஆள் அயோக்கியன். சரிபார்ப்பு முறைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அடையாள எண்ணைத் திருத்துவதற்கும், ஏமாற்றி சிம் வாங்குவதற்கும் மூன்றாண்டுவரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பிடிபட்டால்.

வங்கிகளுக்குத் தனி வரிசையே கொடுத்தாயிற்று. 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொன்னபடி, கணக்கு, பரிவர்த்தனை விஷயமாகப் பேசுவதானால் 1600-இல் தொடங்கும் எண், விளம்பரமென்றால் 140. நல்ல ஏற்பாடு. ஆனால் பத்திலக்கக் கைப்பேசி எண்ணில் ‘சார், பேங்க்ல இருந்து பேசுறோம்’ என்றால் நின்று கேட்கிற எங்கள் தெரு, 1600 என்று வந்தால் ‘ஏதோ கம்பெனிக்காரன்’ என்று கட் பண்ணிவிடுகிறது. உண்மையான வங்கி அதிகாரி ஒருவர் என்னிடம் நொந்துகொண்டார்: பொய்யான எண்ணிலிருந்து பேசியிருந்தால் எடுத்திருப்பார்கள்.

எச்சவியல்

அடுத்தது பெயர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்து, 2025 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறையோடு ஒத்துப்போய் முடிவு செய்தபடி, அழைப்பவரின் பெயரை நிறுவனமே திரையில் காட்டும். வேண்டாமென்றால் நாம்தான் சொல்ல வேண்டும். 4ஜி, 5ஜி இணைப்புகளில் முதலில். இது ட்ரூகாலர்போல ஊரார் வைத்த பெயரன்று. சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த பெயர். வணிக இணைப்பு வைத்திருப்போர் ஜி.எஸ்.டி. பதிவுப் பெயரையோ வணிக முத்திரைப் பெயரையோ காட்டிக்கொள்ள வழி செய்யலாம் என்பதும் பரிந்துரையில் உண்டு. சட்டைப்பைக்குள் இருந்து வந்த பெயரால் ஏமாந்த எங்கள் குடும்பத்துக்கு, அத்தாட்சியோடு வெளியிலிருந்து பெயர் வருவது பெரிய ஆறுதல்.

ஆனால் கரிசல்காட்டில் விண்ணப்பப் பெயர் எது? வீட்டில் யார் ஆதார் அட்டை கைக்குக் கிடைத்ததோ அவர் பெயர். பேரன் பேசுவது பாட்டி சிம்மில். மருமகன் வைத்திருப்பது மாமனார் சிம். ஊரில் ஒருவரை அறிவது பட்டப்பெயரால். பட்டப்பெயர் எந்த விண்ணப்பத்திலும் இல்லை. ஜி.எஸ்.டி.யில் சித்தப்பாவின் கடைப் பெயர் நாலு வார்த்தை, கடைசி வார்த்தை ‘டிரேடர்ஸ்’. அப்படி ஒரு கடை மல்லாங்கிணற்றில் இருப்பது அடுத்த கடைக்காரருக்கே தெரியாது. ‘வேப்பமரத்துக் கடை’ என்றால் பஸ் கண்டக்டர்கூட இறக்கிவிடுவார். மரத்தை வெட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

சித்தப்பா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 18,000 போன பத்தாம் நாள் அதே ‘மில் அண்ணாச்சி’ பெயர் மறுபடி பகல் மூன்று மணிக்கு வந்தது. இந்த முறை சித்தப்பாவே எடுத்தார்.

‘வணக்கம் சார், மில்லுல இருந்து பேசுறோம்...’

‘சொல்லுங்க. அங்கிட்டு மழை உண்டா?’

மறுமுனையில் அமைதி. ‘சார்?’

‘மழைங்க. மழை.’

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

இருபது வருஷப் பழக்கத்தில் விருதுநகர் அண்ணாச்சி ஒருநாளும் வணக்கம் சொன்னதில்லை. சார் என்றதும் இல்லை. ‘அங்கிட்டு மழை உண்டா?’ என்றுதான் தொடங்குவார். ‘எங்க, நாலு சொட்டுத் தூறிட்டுப் போயிருச்சு’ என்று இவர் சொன்ன பிறகே வியாபாரம். தொழில்நுட்ப மொழியில் இது அறைகூவலும் மறுமொழியுமான சரிபார்ப்பு. கடவுச்சொல்லாகப் பார்த்தால் கொஞ்சம் பலவீனமானது. இந்த வட்டாரத்தில் பதில் வருஷம் முழுக்க ஒன்றேதான். அந்தக் குறையைச் சித்தப்பா உணர்ந்தே இருக்கிறார். ஆகவே பணம் என்ற சொல் வந்தால் இரண்டாவது விதி: போனை வைத்துவிட்டு, கல்லாவுக்கு மேல் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கும் எண்ணுக்கு இவரே திருப்பி அடிப்பார். திருடன் அண்ணாச்சியின் எண்ணைப் போட்டுக்கொண்டு உள்ளே வரலாம். அந்த எண்ணுக்கு நாம் போட்டால் அது அண்ணாச்சியிடம்தான் போகும். போலி எண் ஒருவழிப் பாதை. அமெரிக்கச் சட்டமும் டெல்லிக் கணினியும் இல்லாமல், எச்.பி. பென்சிலால் இயங்கும் இந்த முறையில் 2022-க்குப் பிறகு கடையில் ஒரு ரூபாய் போகவில்லை. சேரமான் பெருமாள் கனவு கண்டு செய்ததை இவர் விழித்திருந்து செய்கிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடையின் சிம் இன்னும் என் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் காலமாகி நெடுநாளாகிறது. பெயர் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் பேசுகிறோம். ஆகவே ஒருநாள் உங்கள் திரையில் அத்தாட்சி பெற்ற ஒரு பெரியவரின் பெயர் தோன்றி, விசாரித்தால் அவர் உயிரோடு இல்லை என்று தெரியவந்தால், பயப்படாமல் எடுங்கள். சித்தப்பாதான். மல்லிப் பாக்கி விஷயமாக இருக்கும்.